கணக்கு யார் கையிலோ, பொறுப்பும் அவர் கையில்

(ஆன்லைன் சூதாட்டம், சட்டம், ஆடுவோர் பாதுகாப்பு ஆகியவை பற்றி நெமிலியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செல்போனில் நடக்கும் சூதாட்டத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "ஆடாதீர்கள்" என்று புத்திமதி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் புத்திமதிக்கு இந்த மண்ணில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். தருமன் நாட்டை வைத்துத் தோற்றதும், நளன் காட்டுக்குப் போனதும் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த கதைகள். அவ்வளவும் தெரிந்த பிறகும் ஆள் விழுகிறான் என்றால், விழ வைப்பது எது என்று பார்க்க வேண்டும்.

ஆடுகிறவரின் மனம் பழைய மனம்தான். எதிரே உட்கார்ந்திருப்பதுதான் புதிது. நாம் எப்போது சோர்ந்திருப்போம், எந்தத் தேதியில் கையில் காசு இருக்கும், எத்தனை ரூபாய் தோற்றால் ஆத்திரத்தில் திரும்பி வருவோம் என்பதையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளும் ஓர் இயந்திரம் எதிரே இருக்கிறது. ஆகவே பேச்சு புத்திமதியோடு நிற்க முடியாது. சட்டத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் போயாக வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆடுகிறவரைப் பற்றிய கணக்கு யார் கையில் இருக்கிறதோ, அவரைக் காக்கும் பொறுப்பும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். இதை நம் வட்டாரத்தில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு அதற்கு வருகிறேன்.

கதவு இருந்த காலம்

தமிழ்நாட்டில் சூதாட்டத்தைத் தடுக்க நெடுங்காலம் கையில் இருந்தது 1930-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்துக்காகப் போட்டது. அந்தச் சட்டம் முழுவதும் ஓர் இடத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. ஒரு வீடு அல்லது ஒரு தோப்பு, அங்கே சீட்டுக்கட்டு, நடுவில் காசு, இடத்துக்காரர் எடுக்கும் கமிஷன். போலீஸ் போனால் ஆளும் அகப்படும், சீட்டும் அகப்படும், பணமும் அகப்படும். பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைது என்று நாளிதழில் நாம் படித்த செய்திகளெல்லாம் இந்த வகைதான்.

நீதிமன்றங்கள் கேட்ட கேள்வியும் ஒன்றே ஒன்று: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1967-இல் ஆந்திர மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும், மூணு சீட்டு போல முழுக்க அதிர்ஷ்டம் இல்லை என்பது காரணம். 1996-இல் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தயம் பற்றிய டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கிலும் அதே அளவுகோலை வைத்துத்தான், பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பு வந்தது.

லாட்டரியின் கதை வேறு. 1968-இல் அரசே தொடங்கி, 2003-இல் அரசே தடை செய்தது. தடைக்குப் பிறகும் மூன்று நம்பர் லாட்டரி ஒழியவில்லை. துண்டுச் சீட்டில் நடந்தது செல்போனுக்கு இடம் மாறியது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தையே, மூன்று பெண் குழந்தைகளோடு சேர்த்து, அந்த லாட்டரி கொண்டுபோனது. தடை அமலில் இருந்த காலத்தில்தான் அது நடந்தது. தடை மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

செல்போன் எதை மாற்றியது?

முதலில் இடம் போயிற்று. சூதாட்ட விடுதிக்குப் போக வேண்டிய ஆள், பாயில் படுத்தபடி ஆடுகிறார். பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும் தூங்குகிறார்கள். தட்டுவதற்குப் போலீசுக்குக் கதவு கிடையாது.

அடுத்து வேகம். திண்ணையில் ரம்மி ஆடினால் நாலு பேர் சேர வேண்டும், சீட்டைக் கலைக்க வேண்டும், பகிர வேண்டும், நடுவில் டீ வரும், பேச்சு வரும். ஆப்பில் ஒரு கை முடிந்த சில வினாடிகளில் அடுத்த மேசை தயார். யோசிக்கக் கிடைத்த இடைவெளி முழுவதும் போய்விட்டது.

மூன்றாவது, காசு கண்ணுக்குத் தெரியாமல் போனது. 2016-இல் யுபிஐ வந்தது. பணம் அனுப்புவது பெரிய வசதி ஆனது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். விரலை அழுத்தும்போது அந்தத் தயக்கம் இல்லை. காசு தீர்ந்தால் எழுந்து வீட்டுக்குப் போவதும் முடிந்துவிட்டது. அதே போனில் கடன் ஆப் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு வங்கிக் கணக்குப் பட்டியலில் பார்க்கலாம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் தேதி சம்பளம் ஏறுகிறது. அன்று இரவு பத்தரைக்கு 100 ரூபாய் போகிறது. பத்து நிமிடம் கழித்து 200. பிறகு 340 வரவு, ஜெயித்திருக்கிறார். இரண்டே நிமிடத்தில் அந்த 340-உடன் இன்னொரு 160 சேர்ந்து 500 ஆகப் போகிறது. பன்னிரண்டரைக்கு 1,000. ஒன்றே காலுக்கு 2,000. இருப்பு போதாமல் அடுத்த முயற்சி தோற்கிறது. அடுத்தடுத்து மூன்று முறை முயன்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கடன் ஆப்பிலிருந்து 3,000 வருகிறது. விடிவதற்குள் அதுவும் போகிறது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் படிக்க மனநல மருத்துவர் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இது ஆபத்தில் இருக்கும் ஆளின் கணக்கு என்று சொல்லிவிடுவார். தொகை ஏறிக்கொண்டே போகிறது, தோற்றதைப் பிடிக்கத் துரத்துகிறார், நள்ளிரவு தாண்டுகிறது, பணம் கட்டும் முயற்சி தோற்கிறது, கடன் வாங்குகிறார். இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே ஆப் நிறுவனத்தின் கணினிக்குத் தெரியும். தொழில்நுட்பம் செய்த மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான். திண்ணையில் சீட்டு நடத்தியவருக்கு எதிரே இருப்பவர் எதை அடகு வைத்து வந்தார் என்று தெரியாமல் இருக்கலாம். ஆப் நடத்துகிறவர் தெரியாது என்று சொல்லவே முடியாது.

மனம் சிக்கும் இடம்

ஏன் எழுந்து போக முடிவதில்லை? அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில் ஒன்றைக் கண்டார். ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்தால் விலங்கு நிதானமாக இருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைத்தால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. சூதாட்டம் நிற்பது இந்த அடித்தளத்தில்தான். மயிரிழையில் தவறிய தோல்வி, மனத்துக்கு வெற்றியின் பக்கத்து வீடாகத் தெரிகிறது. ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் என்ற எண்ணம் அடுத்த கைக்கு இழுக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆப் கொடுக்கும் போனஸும் இந்த வேலைக்குத்தான். சூதில் வரும் வெற்றியும் சிக்க வைப்பதற்கே என்பது வள்ளுவர் காலத்திலேயே தெரிந்த செய்தி.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் சூதாட்டக் கோளாறை அடிமைப்பழக்கம் சார்ந்த கோளாறாகவே வைத்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆகவே ஆடி அழிந்தவரை ஒழுக்கம் கெட்டவர் என்று மட்டும் பேசுவது மருத்துவப்படி சரியில்லை. அவருக்குச் சிகிச்சை தேவை.

தமிழ்நாடு நடந்த பாதை

கொரோனா ஊரடங்கில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தில் ஆன்லைன் ரம்மி பரவியது. தற்கொலைச் செய்திகள் வரத் தொடங்கின. 2020 நவம்பரில் எடப்பாடி பழனிசாமி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தடை செய்தது; 2021-இல் அது சட்டமானது. 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திறமை ஆட்டத்தையும் சேர்த்து மொத்தமாகத் தடுப்பது அளவுக்கு மீறியது என்பது தீர்ப்பின் சாரம்.

2022 ஜூனில் மு.க. ஸ்டாலின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. தற்கொலைத் தடுப்பில் பல்லாண்டு உழைத்த மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். குழு அந்த மாதமே அறிக்கை தந்தது. அக்டோபரில் பேரவை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23-ஆம் தேதி பேரவை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. ஆன்லைன் சூதாட்டத்தால் உயிரிழந்தோர் நாற்பது பேருக்கு மேல் என்று பேரவையிலேயே அப்போது சொல்லப்பட்டது. 2023 நவம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்த அட்டவணையை நீக்கியது. வயது, நேரம் போன்றவற்றில் அரசு விதி வகுக்கலாம் என்று வழிவிட்டது.

அந்த வழியில் பிறந்ததுதான் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் வெளியிட்ட விதிகள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் பண ஆட்டம் ஆடக் கூடாது. ஆதார் சரிபார்ப்பும், அதற்கு மேல் ஓடிபியும் கட்டாயம். நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை யாரும் உள்ளே நுழைய முடியாது. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொரு முறை திரையில் எச்சரிக்கை வர வேண்டும். நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு எவ்வளவு என்று ஆடுகிறவர் வரம்பு வைத்துக்கொள்ள வசதி இருக்க வேண்டும். பணம் கட்டும்போதெல்லாம் அந்த வரம்பும், இதுவரை போன தொகையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இந்த விதிகளைச் சிறியவை என்று நினைக்காதீர்கள். 1930 முதல் சட்டம் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த விதிகள் ஆடுகிறவரைப் பார்த்தன: அவர் தூங்கினாரா, எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு இழந்தார் என்று கேட்டன. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. இரவுத் தடை தொழில் உரிமையைப் பறிக்கிறது, ஆதார் கேட்பது அந்தரங்க உரிமையைப் பறிக்கிறது என்று வாதிட்டன. 2025 ஜூன் 3-ஆம் தேதி நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மக்கள் நலனுக்கு முன்னால் அந்தரங்க உரிமையும் அளவுக்கு உட்பட்டதே என்றது. நான் அதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். இரவு ஒன்றே காலுக்குப் போன அந்த 2,000 ரூபாயைத் தடுத்திருக்கக் கூடிய விதி அது.

பிற நாடுகள் என்ன செய்தன?

பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாட முடியாது. கடன் வாங்கி ஆடுவதை அங்கேயே வெட்டிவிட்டார்கள். 2021 அக்டோபர் முதல் ஆன்லைன் ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே இரண்டரை வினாடியாவது இருக்க வேண்டும். வேகமே விஷம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது. கேம்ஸ்டாப் என்ற பதிவேட்டில் ஒருவர் தன் பெயரை ஒருமுறை எழுதினால், உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் அவருக்குக் கதவடைக்க வேண்டும். சுவீடனில் அதே வேலையை 2019 முதல் ஸ்பெல்பவுஸ் என்ற பதிவேடு செய்கிறது.

ஜெர்மனி 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லா நிறுவனங்களிலும் சேர்த்து மாதத்துக்கு 1,000 யூரோ என்பது பொது வரம்பு. ஒரு கடையில் தோற்றுவிட்டு அடுத்த கடைக்கு ஓட முடியாதபடி மையக் கணினி கணக்கைக் கூட்டிக்கொண்டே வருகிறது. திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் 24 மணி நேரத்துக்கு உடனே பூட்டிவிடும். டென்மார்க்கில் 2012 முதல் நிறுவனங்கள் ஆட்டத் தரவுகளைத் தனிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். அரசின் கண்காணிப்பு அமைப்பு எந்த நேரமும் திறந்து பார்க்கலாம்.

நம் மக்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் இருப்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அங்கே குடும்பத்தார் மனுப் போட்டு, கணவரையோ மகனையோ சூதாட்டத்திலிருந்து விலக்கி வைக்க முடியும். திவாலானவர்களும், அரசு உதவித்தொகையில் வாழ்பவர்களும் மனுப் போடாமலே விலக்கப்படுகிறார்கள். பாதிக்கப்படுவது குடும்பம் என்பதால் சட்டம் குடும்பத்துக்கும் ஒரு கை கொடுத்திருக்கிறது.

இவற்றில் ஓர் ஆபத்தும் உண்டு. யார் ஆபத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் அதே கணினி நிரல், யாரிடம் இன்னும் கறக்கலாம் என்றும் கண்டுபிடிக்கும். தரவு ஒன்றுதான், அதை வைத்து எச்சரிக்கையும் அனுப்பலாம், போனஸும் அனுப்பலாம். எதை அனுப்புவது என்பதை லாபக் கணக்குப் பார்ப்பவரிடம் விட்டுவிட்டால் எது போகும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டம் தலையிட வேண்டிய இடம் அதுதான்.

பாலாறு கற்றுக்கொடுத்த பாடம்

இதை இங்கே நின்று சொல்வதற்கான காரணத்துக்கு வருகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரம் நம்முடையது. சோறு போட்ட தொழில் அது. பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததும் அது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பு, நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்தப்படுகிறது.

அந்தத் தீர்ப்பு மூன்று விஷயங்களைச் சொன்னது. கேடு வரும் என்று தெரிந்தால், முழு ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். மாசு படுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும். தன் தொழில் கேடு செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவருடையது. கிணறு கெட்ட விவசாயி ஆய்வுக்கூடம் தேடி அலைய வேண்டியதில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் இதே கொள்கையை மறுபடி வலியுறுத்தியது.

இந்த மூன்றையும் அப்படியே ஆன்லைன் சூதாட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்குள் ஓடி வரும் கழிவு இது. கேடு வரும் என்று தெரிந்த பிறகு, எத்தனை உயிர் போனது என்று எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. சிகிச்சைக்கும் நிவாரணத்துக்கும் ஆகும் செலவு, ஆட்டத்தில் சம்பாதித்தவர் தலையில் விழ வேண்டும். தன் ஆப் ஆளைச் சிக்க வைக்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்துடையது. தாலியை அடகு வைத்த பெண் அதை நிரூபிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பாடமும் நம்மிடம் இருக்கிறது. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் தொழிற்சாலைகள் உள்ளிட்ட பதினேழு வகைத் தொழில்களிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும், கழிவின் அளவை நேரடியாகக் கணினிக்கு அனுப்பும் கருவி வைக்க உத்தரவிட்டது. வெளியேறும் கழிவை அரசு இருந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது நோக்கம். தோலுக்குச் செய்ததை ஆப்புக்குச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் காப்பு வந்துவிடாது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். காப்பதற்காகக் கட்டிய நிலையம் கவனிப்பார் இல்லாமல் கொன்றது. அதேபோல, 'அளவோடு விளையாடுங்கள்' என்று திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, பாதுகாப்பு தந்தாயிற்று என்று ஒரு நிறுவனம் சொன்னால், சோதித்துப் பார்க்க அரசிடம் ஆள் வேண்டும். தரவைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

இன்றைய நிலை

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய கேள்வியை அது ஒதுக்கித் தள்ளியது. பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, 50 லட்சம்வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிகளும் பொறுப்பாளிகள். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் மக்கள் பணம் இதில் போகிறது என்பது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. சட்டம் வந்ததும் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். ஆடுகிறவரைக் குற்றவாளியாகப் பார்க்காததை இன்னும் அதிகமாக ஆதரிக்கிறேன். தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் மூன்று மாதம்வரை சிறை உண்டு. சிறைக்குப் பயப்படுகிறவர் உதவி கேட்டு வெளியே வர மாட்டார். அந்தப் பிரிவை மாநில அரசு மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் தடை போட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் லாட்டரியில் செய்த தவற்றையே மறுபடி செய்வோம். வெளிநாட்டில் பதிவான பந்தயத் தளங்கள் இருக்கின்றன. ஒரு முகவரியை முடக்கினால் மறுநாள் வேறு முகவரியில் வருகின்றன. டெலிகிராமில் இணைப்பு வருகிறது, ஆப்பை நேராக இறக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், விபிஎன் போட்டு எல்லையைத் தாண்டுகிறார்கள். அங்கே இரவுத் தடை இல்லை, வயது வரம்பு இல்லை, ஜெயித்த பணம் கைக்கு வரும் என்ற உறுதியும் இல்லை.

அவர்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. தளம் எந்த நாட்டில் இருந்தாலும், நம் ஊர்ப் பணம் நம் ஊர் வங்கிக் கணக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதற்காகத்தான், "மாதம் சில ஆயிரம் தருகிறோம், உன் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு" என்று இளைஞர்களிடம் வாடகைக்குக் கேட்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: கொடுக்காதீர்கள். ஊர் பேர் தெரியாதவன் செய்த குற்றத்துக்கு உங்கள் பெயரில் வழக்கு வரும். வங்கிகளுக்கும் சொல்கிறேன்: நேற்றுவரை சம்பளம் மட்டுமே ஏறிய கணக்கில் திடீரென்று ஒரே நாளில் நூறு பேர் பணம் போட்டால், அதைக் கண்டுபிடிக்க உங்கள் கணினிக்கு ஒரு நிமிடம் போதும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, யுபிஐ சேவை தரும் ஒவ்வொரு செயலியிலும், ஒவ்வொரு வங்கியிலும், சூதாட்டப் பணப் பரிமாற்றத்தை நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும் வசதி வேண்டும். அந்த அடைப்பைப் போட்டவர் ஆத்திரத்தில் உடனே அதை நீக்கிவிட முடியாதபடி காத்திருப்புக் காலம் வேண்டும்.

இரண்டாவது, குடும்பத்தார் மனுப் போட்டு விலக்கி வைக்கும் சிங்கப்பூர் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு ஆணையம் நம் நிலைக்கு ஏற்றபடி கொண்டுவர வேண்டும். கூடவே, சேகரிக்கும் தரவு காப்பதற்கு மட்டுமே பயன்பட வேண்டும், வேறு எதற்கும் போகக் கூடாது என்ற உறுதியும் வேண்டும்.

மூன்றாவது, பண ஆட்டம் நடத்திச் சம்பாதித்த நிறுவனங்களின் பழைய தரவு அழிந்துவிடாமல் பாதுகாக்கப்பட வேண்டும். யார், எத்தனை இரவு, எவ்வளவு இழந்தார் என்பது அதில் இருக்கிறது. பாலாற்றில் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைத்ததுபோல, இதிலும் இழப்பைக் கணக்கிட்டு, சிகிச்சைக்கான நிதியை நிறுவனங்களிடமே வசூலிக்க வேண்டும்.

நான்காவது, ஆடி அழிந்தவருக்கு மாவட்டத்துக்கு ஓர் இடமாவது வேண்டும். குடிக்கு மறுவாழ்வு மையம் இருப்பதுபோல, அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சூதாட்டக் கோளாறுக்கும் தனி நாள், தனி ஆலோசகர் வேண்டும். ஷூ கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தங்கள் ஆட்களிடம் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். சம்பள முன்பணம் அடிக்கடி கேட்கிறவரைக் கடிந்து அனுப்பாமல், என்ன நடக்கிறது என்று உட்கார வைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, வீடுகளுக்கு. பெற்றோர் போனில்தான் பிள்ளைகள் நுழைகிறார்கள். ஆதாரும் ஓடிபியும் அப்பா பெயரில் இருக்கும்போது எந்தச் சரிபார்ப்பும் பிள்ளையைத் தடுக்காது. யுபிஐ பின் நம்பரைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மாதம் ஒருமுறை கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து வங்கிக் கணக்கைப் பாருங்கள். சந்தேகத்துக்காகச் சொல்லவில்லை, குடும்பக் கணக்குக் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும். யாராவது சிக்கியிருப்பது தெரிந்தால் முதல் நாளே கத்தாதீர்கள். கடனை மறைக்கத் தொடங்கியவர் தனியாகிவிடுவார். தனியானவருக்குத்தான் உயிர் ஆபத்து. பக்கத்தில் இருங்கள், கடனைச் சேர்ந்து எண்ணுங்கள். மன அழுத்தத்துக்கு 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். பணமோசடி என்றால் தாமதிக்காமல் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே, பாலாற்றுக்காக வழக்குப் போட்டவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்கள்தான். கெடுத்தவனே பொறுப்பு என்பது நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் இந்த மண்ணின் வழக்கில் உறுதிசெய்தது. நம் வீட்டுக்குள் நுழைந்திருக்கும் இந்தக் கேட்டுக்கும் அதே சட்டத்தைக் கேட்டு வாங்குவது நம் கடமை. நாளைக்கே ஆளுக்கொரு மனு எழுதுங்கள். ஊராட்சியில் தீர்மானம் போடுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.